போலீஸ் பட்ஜெட்: சட்டமன்றம் 'ஆம்' சொல்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன நடக்குது?

ராத்திரி ஒரு மணிக்கு மேல் திண்டுக்கல் ரோட்டில் பரவை வழியாக வந்திருந்தால் தெரியும். காய்கறி மார்க்கெட்டுக்கு லோடு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். நடுவில் டூவீலர்கள், டிராக்டர், டீக்கடை ஓரம் நிற்கிற மினிவேன். சில நாள் ரோந்து ஜீப் கண்ணில் படும், சில நாள் படாது. "இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு போலீஸைப் போட்டா என்ன?" என்று டீக்கடையில் யாராவது கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். யாரிடம் கேட்பது? பரவை பேரூராட்சித் தலைவரிடம் கேட்டுப் பயனில்லை, போலீஸ் அவர் கையில் இல்லை. மதுரை மாநகராட்சி மேயரிடமும் இல்லை. மாநகரக் காவல் ஆணையரோ மாவட்ட எஸ்.பி.யோ இருக்கிற ஆட்களை இடம் மாற்றிப் போட முடியும், புதிதாக ஒரு பணியிடத்தை உருவாக்க முடியாது. அந்த ரெண்டு போலீஸுக்கான சம்பளம் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் வாக்கெடுப்புக்கு வரும் ஒரு கணக்கில் இருக்கிறது. அதன் பெயர் மானியக் கோரிக்கை எண் 22. உள்துறையின் கீழ் வரும் 'காவல்' என்கிற தலைப்பு.

மதுரை மாநகரம், மதுரை ரூரல், தென்மண்டல ஐ.ஜி. அலுவலகம், சி.பி.சி.ஐ.டி., தடய அறிவியல் கூடம், சென்னையில் சிக்னலில் நிற்கிற டிராஃபிக் காவலர் வரை எல்லோருக்குமான பணம் இந்த ஒரே கோரிக்கையில் அடக்கம். தீயணைப்புத் துறைக்குத் தனி எண், 23.

ஏன் மாநிலம்?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் முதல் பதிவு பொது ஒழுங்கு, இரண்டாவது காவல். அதனால் போலீஸுக்குப் பணம் கொடுப்பது மாநிலச் சட்டமன்றத்தின் வேலை. நவீனமயமாக்கல் திட்டத்தில் மட்டும் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு பிரித்துக்கொள்கின்றன. மொத்தத்தில் அது சின்னப் பகுதி.

அமெரிக்காவில் 2020-ல் 'போலீஸுக்கு நிதியைக் குறை' என்ற கோஷம் கிளம்பியபோது நம்ம ஊர் டைம்லைனிலும் அது ஓடியது. அங்கே அந்தச் சண்டை நகர மன்றங்களில் நடந்ததற்குக் காரணம், பெரும்பாலான போலீஸ் நகர நிர்வாகத்தின் கையில் இருப்பதுதான். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகர மன்றம் 2020 ஆகஸ்டில் தன் போலீஸ் பட்ஜெட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பதாக முடிவெடுத்தது. அடுத்த வருடமே அப்படிக் குறைக்கும் பெரிய நகரங்களைத் தண்டிக்க டெக்சாஸ் சட்டமன்றம் சட்டம் போட்டது. இங்கே அந்த மோதலுக்கே இடமில்லை. மதுரை மாநகராட்சிக் கூட்டத்தில் போலீஸ் பட்ஜெட் என்று ஒரு அஜெண்டா வராது.

எவ்வளவு பணம்?

பட்ஜெட் உரைகளில் அறிவித்த தொகைகளைப் பார்க்கலாம். 2018-19-ல் ரூ.7,877.58 கோடி. 2020-21-ல் ரூ.8,876.57 கோடி. 2022-23-ல் ரூ.10,285.22 கோடி. நான்கு வருடத்தில் சுமார் 30 சதவீத ஏற்றம்.

கேட்கப் பெரிய தொகைதான். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 7.21 கோடி பேருக்கு வகுத்தால், 2022-23 ஒதுக்கீடு ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 1,426 ரூபாய். மாசத்துக்கு 119 ரூபாய், ஒரு மொபைல் டேட்டா பேக் விலை.

இந்தப் பணத்தில் பெரும்பங்கு சம்பளம், படிகள். அடுத்து எரிபொருள், பந்தோபஸ்துக்குப் போய்வரும் பயணப்படி, அலுவலகச் செலவு. கட்டடத்துக்கான மூலதனச் செலவு தனிக் கணக்குத் தலைப்பு. வருவாய்ச் செலவுக்கு 2055, மூலதனத்துக்கு 4055 என்பவை நாடு முழுக்க ஒரே எண்கள். 2055-க்குள் 109 என்று போட்டிருந்தால் மாவட்டக் காவல், 101 குற்றப் புலனாய்வு, 116 தடய அறிவியல். பட்ஜெட் புத்தகத்தில் மதுரையைத் தேடுகிறவர்கள் முதலில் திறக்க வேண்டியது அந்த 109.

கணக்கு போடுவது யார்?

முதல்வர் சபையில் கோரிக்கையை முன்மொழியும்போது கணக்கு முடிந்து பல மாதம் ஆகியிருக்கும். அது தொடங்குவது முந்தைய ஆண்டின் பிற்பாதியில். டி.ஜி.பி. அலுவலகத்திலிருந்து பணியிட எண்ணிக்கைப் பட்டியல் உள்துறை வழியாக நிதித்துறைக்குப் போகும். எந்த அலுவலகத்தில் எத்தனை பணியிடம், எத்தனை பேர் இருக்கிறார்கள், சம்பளம் எவ்வளவு என்பதுதான் அதில் இருக்கும். தொடர்ந்து நடக்கிற செலவு ஒரு பக்கம். புதிய வாகனம், புதிய கருவி மாதிரி புதுச் செலவுகள் தமிழ்நாட்டு நிர்வாக மொழியில் 'பகுதி-2 திட்டம்'. இதற்குத் தனியாக முன்மொழிவு வைக்க வேண்டும், நிதித்துறை ஒவ்வொன்றாக அடிக்கும் அல்லது விடும்.

பரவைக்கு ரெண்டு பேர் கூடுதலா வேண்டாமா என்ற கேள்வி உயிரோடு இருக்கிற கட்டம் இதுதான். இந்தக் கட்டத்தில் எம்.எல்.ஏ. இல்லை, கேமரா இல்லை, நேரலை இல்லை. மூன்று அலுவலகங்களுக்கு இடையே கோப்பு மட்டும் போய்வரும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பணியிடம் வேறு, ஆள் இருக்கிற பணியிடம் வேறு. 2021 ஆகஸ்டில் பட்ஜெட் உரையிலேயே சொன்னார்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 1,33,198, அதில் காலி 14,317. பத்தில் ஒன்றுக்கு மேல் காலி. காலியிடத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, அதனால் அந்த இடம் நிரம்பாத வரை நிதித்துறைக்கு அது மிச்சம். நிரப்புவதும் உடனே நடக்கிற காரியம் இல்லை. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு விட்டு, எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு, பிறகு பயிற்சி என்று போகும். இந்த வருட பட்ஜெட்டில் 'ஆள் எடுக்கிறோம்' என்றால், அந்த ஆள் ஸ்டேஷனில் நிற்பது பெரும்பாலும் அடுத்த பட்ஜெட்டுக்குப் பக்கத்தில்தான்.

சபையில் என்ன நடக்கிறது?

பட்ஜெட் தாக்கலாகி, பொது விவாதம் முடிந்ததும் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் வரும். தமிழ்நாட்டில் இவை ஐம்பதுக்கும் மேல். ஒவ்வொரு துறைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு என்ற புத்தகத்தை உறுப்பினர்களுக்குக் கொடுப்பார்கள். போலீஸ் கோரிக்கையை வழக்கமாக முதல்வரே முன்மொழிகிறார். கருணாநிதி, ஜெயலலிதா, எடப்பாடி பழனிசாமி, மு.க.ஸ்டாலின் என்று எல்லோருமே அந்தத் துறையைத் தங்களிடமே வைத்துக்கொண்டவர்கள். அதனால் இது ஆளும்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் நேருக்கு நேர் மோதல் நாள். கூட்டத்தொடரின் கடைசிப் பக்கம் வருவதும் பல வருடங்களாகப் பார்க்கிற காட்சி.

விவாதத்தில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கொலைகள், கஞ்சா, 'உங்க ஆட்சியில எத்தனை, எங்க ஆட்சியில எத்தனை'. இரண்டு மூன்று நேரலைகளை முழுசாக உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், ரூபாய்க் கணக்கைப் பேசுகிறவர்கள் குறைவு. தொகுதிக்கு ஸ்டேஷன் கேட்கிறவர்கள் உண்டு. சில நேரம் அது நடக்கவும் செய்கிறது.

பேச்சுக்கு அப்பால் சபைக்கு என்ன அதிகாரம் என்று கேட்டால், பதில் அரசமைப்புச் சட்டத்தின் 203-வது பிரிவில் இருக்கிறது. கேட்ட தொகையைக் கொடுக்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் எந்த மானியக் கோரிக்கையும் வைக்கவே முடியாது, அந்தப் பரிந்துரை அமைச்சரவை சொல்வதன்படி வருவது. மதுரை மாவட்டத்தின் பத்து எம்.எல்.ஏ.க்களும் கட்சி வேறுபாடு மறந்து ஒன்றாக எழுந்து, 'மதுரைக்கு இன்னும் நூறு போலீஸ் வேண்டும், பத்து கோடி சேருங்க' என்றால், சபை அதை வாக்கெடுப்புக்கு எடுக்க முடியாது. கேட்கலாம், பதிவாகும். அவ்வளவுதான்.

குறைக்கிற கருவிக்குப் பெயர் வெட்டுத் தீர்மானம். நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி ஒரு குறையைச் சபையில் எழுப்பலாம். ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லிக் கொள்கையையே எதிர்க்கலாம். நாடாளுமன்ற மரபில் வந்த வழிகள் இவை. வெட்டுத் தீர்மானம் ஜெயித்துவிட்டால் அரசுக்கே பெரும்பான்மை இல்லை என்று அர்த்தமாகிவிடும், அதனால் ஆளும்தரப்பு உறுப்பினர் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார். கடைசியில் பேரவைத் தலைவர் 'ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க' என்பார். சத்தம் வரும். பல்லாயிரம் கோடி நிறைவேறும்.

கேரளத்தில் சட்டமன்ற விஷயக் குழுக்கள் துறைகளின் மானியக் கோரிக்கைகளை எடுத்துவைத்துப் பரிசீலிக்கின்றன. நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் இதைச் செய்கின்றன. அதிகாரிகளைக் கூப்பிட்டு, 'போன வருஷம் கேட்ட பணம் ஏன் செலவாகலை?' என்று கேட்கிற இடம் அது. தமிழ்நாட்டில் வாக்கெடுப்புக்கு முன்னால் அப்படி ஒரு கட்டம் வழக்கத்தில் இல்லை. என்னைக் கேட்டால், இந்த மொத்த நடைமுறையில் பெரிய ஓட்டை இதுதான். நூற்றுக்கணக்கான பக்கமுள்ள கணக்கை ஓரிரு நாள் மேடைப்பேச்சு நேரத்தில் யாராலும் படித்துக் கேள்வி கேட்க முடியாது.

ஒரே வருடம், இரண்டு தொகை

இதையெல்லாம் ஒரே வருடத்தில் பார்க்க வேண்டுமென்றால் 2021-ஐ எடுத்துக்கொள்ளலாம். தேர்தல் வருடம். பிப்ரவரி 23-ம் தேதி அப்போதைய நிதியமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட் தாக்கல் செய்தார். போலீஸுக்கு ரூ.9,567.93 கோடி. இடைக்காலம் என்றால், தேர்தல் முடிந்து புது அரசு முழு பட்ஜெட் போடுகிற வரை சில மாதச் செலவுக்குச் சபை முன்கூட்டியே அனுமதி தருவது. 206-வது பிரிவு அதற்கு வழி செய்கிறது. அந்த அனுமதி இல்லாவிட்டால் ஏப்ரல் மாதச் சம்பளத்துக்கே சட்டப்படி பணம் எடுக்க முடியாது.

ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 13-ம் தேதி மதுரை மத்தி எம்.எல்.ஏ.வான பழனிவேல் தியாகராஜன் நிதியமைச்சராகத் திருத்திய பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். தமிழ்நாட்டின் முதல் காகிதமில்லா பட்ஜெட் என்று பேசப்பட்டதே, அதுதான். போலீஸுக்கு அதில் ரூ.8,930.29 கோடி. அதே வருடம், அதே துறை, சுமார் 637 கோடி குறைவு. சோஷியல் மீடியாவில் இது பெரிய சண்டையாகியிருக்கணும், ஆகலை. எல்லோரும் பெட்ரோல் விலை மூன்று ரூபாய் குறைந்ததைப் பேசிக்கொண்டிருந்தோம்.

போலீஸை வெட்டினார்கள் என்று இதற்கு அர்த்தமா? அவசரப்பட வேண்டாம். சம்பளமே பெரும்பங்கான துறையில், எத்தனை இடம் காலி, அகவிலைப்படி உயர்வு எந்தத் தேதியிலிருந்து என்ற இரண்டு விஷயம் மாறினாலே மொத்தம் நூற்றுக்கணக்கான கோடிக்கு ஆடும். அந்த வருடம் டி.ஏ. உயர்வு தள்ளிப்போயிருந்தது, 2022 ஜனவரி முதல் தருவதாகப் பிறகு செப்டம்பரில்தான் முதல்வர் அறிவித்தார். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. மொத்தத் தொகை ஏறினால் உங்கள் ஏரியாவில் போலீஸ் கூடிவிட்டது என்றும் இல்லை, இறங்கினால் குறைந்துவிட்டது என்றும் இல்லை. ஹெட்லைனில் நாங்கள் போடுகிற கோடி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

செப்டம்பர் 13-ம் தேதி சட்டமன்றத்தில் தாம்பரம், ஆவடிக்குத் தனி மாநகரக் காவல் ஆணையரகங்கள் என்று ஸ்டாலின் அறிவித்தார். அன்றைக்கே நீட் விலக்கு மசோதாவும் நிறைவேறியதால் கவனமெல்லாம் அந்தப் பக்கம். 2022 ஜனவரி 1-ல் இரண்டு ஆணையரகங்களும் செயல்பட ஆரம்பித்தன. அறிவிப்பு வந்து நாலு மாதத்துக்குள் நடைமுறை, நம்ம ஊர் வேகத்துக்கு இது அதிகம்தான். பணமும் அரசாணையும் சேர்ந்தால் எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம். எல்லா அறிவிப்புக்கும் இந்த ராசி இல்லை.

வார விடுப்பு: ஒரு சின்னக் கணக்கு

அதே 2021-ல்தான் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற உத்தரவும் வந்தது. எல்லோரும் பாராட்டினோம். சரி, இதற்கு எத்தனை ஆள் வேண்டும்?

ஏழு நாளும் வேலை பார்க்கிற ஒருவருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தால், ஆறு பேர் பார்த்த வேலைக்கு ஏழு பேர் வேண்டும். மேலே சொன்ன கணக்கில் அன்றைக்குப் பணியில் இருந்தவர்கள் 1,18,881. அத்தனை பேரும் ஓய்வே இல்லாமல் இருந்தார்கள், அத்தனை பேருக்கும் ஓய்வு தருகிறோம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், தேவை சுமார் 1,38,700 பேர். அனுமதிக்கப்பட்ட பணியிடமோ 1,33,198. அதாவது காலியிடம் எல்லாவற்றையும் நிரப்பினாலும் ஐந்தாயிரத்துச் சொச்சம் ஆள் குறையும். அதிகாரிகளையும் சேர்த்துப் போட்ட தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் சிக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்பது புரியும். ஓய்வு கொடுக்கச் சொல்வது ஒரு தாளில் முடிகிற வேலை. அதற்கான ஆட்கள் பணியிடப் பட்டியலில் ஏறினால்தான் மானியக் கோரிக்கை 22-க்குள் வருவார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்கும்போது பிற மாவட்டங்களிலிருந்து போலீஸ் வந்து குவிகிறது. பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். வருகிற காவலரின் பயணப்படியும் அதே 22-ல் இருந்துதான், அவர் விட்டுவிட்டு வந்த ஸ்டேஷனில் அந்த நாட்களில் ஆள் குறைவதும் அதே கணக்குதான். கொரோனாவால் இரண்டு வருடம் தள்ளிப்போய் 2022 ஏப்ரல் 16-ல் நடந்த வைபவத்தில் வைகையில் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள்.

வாக்கெடுப்புக்கே வராத பணம்

ஒரு வகைச் செலவு சபையின் வாக்கெடுப்புக்கே வராது. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், அரசுக் கடனுக்கான வட்டி, நீதிமன்றத் தீர்ப்பின்படி அரசு கொடுக்க வேண்டிய தொகை எல்லாம் மாநிலத் தொகுநிதியின் மீது சாட்டப்பட்ட செலவு. அதைப் பற்றிப் பேசலாம், ஓட்டுப் போட முடியாது.

இதில் போலீஸுக்கு என்ன? 2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் அடிபட்டு இறந்தார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர் குடும்பத்துக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது. அரசு ஏற்கெனவே கொடுத்த ஏழரை லட்சம் அதில் சேராது. நீதிமன்றம் சொல்லிவிட்டால் அரசு கொடுத்தே ஆக வேண்டும், அதுதான் சரி. குடும்பம் அரசியல் பெரும்பான்மைக்காகக் காத்திருக்கக் கூடாது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. போலீஸ் தவறுக்காக நம்ம வரிப்பணத்திலிருந்து போகிற அந்தத் தொகை, போலீஸ் பட்ஜெட் விவாதத்தில் ஒரு செலவுக் கணக்காக யார் கண்ணிலும் படாது. ஒரு வருடத்தில் இப்படி மொத்தம் எத்தனை லட்சம் போயிருக்கிறது, அதில் எவ்வளவு தவறு செய்தவர்களின் சம்பளத்திலிருந்து திரும்பப் பிடித்தார்கள் என்று ஒரு எம்.எல்.ஏ. எழுந்து கேட்டால், அந்த வருட விவாதத்திலேயே உருப்படியான கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

'ஆம்' சொன்ன பிறகு

கோரிக்கைகள் நிறைவேறியதும் 204-வது பிரிவுப்படி நிதி ஒதுக்க மசோதா வரும். தமிழ்நாட்டில் மேலவை 1986-லேயே ஒழிந்ததால் ஒரே சபையோடு வேலை முடிந்தது. அதன்பிறகு நிதித்துறை ஒப்புதலோடு அதே கோரிக்கைக்குள் ஒரு தலைப்பில் மிஞ்சுவதை இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்குச் சபைக்கு வர வேண்டாம். 22-லிருந்து 23-க்கு மாற்ற முடியாது. பணம் பத்தாமல் போனால் துணை மானியக் கோரிக்கை, அதை 205-வது பிரிவு அனுமதிக்கிறது. வருடம் முடிந்து தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எங்கே மிச்சம், எங்கே அதிகச் செலவு என்று கோரிக்கை எண் வாரியாக அறிக்கை கொடுப்பார், அது பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். அதற்குள் அடுத்த பட்ஜெட்டே வந்திருக்கும்.

பரவை டீக்கடைக் கேள்விக்குப் பதில் தேடுகிறவர்களுக்கு நேரலை விவாதத்தைவிட மூன்று தாள்கள் உதவும். ஒன்று, காவல்துறைக் கொள்கை விளக்கக் குறிப்பு, தமிழிலேயே அரசு இணையதளத்தில் கிடைக்கிறது. இரண்டு, அறிவிப்புக்குப் பின் வருகிற அரசாணை. அதில் பணியிட எண்ணிக்கையும் தொகையும் கணக்குத் தலைப்பும் இல்லாவிட்டால் அறிவிப்பு இன்னும் அறிவிப்பாகவே இருக்கிறது. மூன்றாவது தாளை நீங்களே எழுத வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, உங்கள் காவல் நிலையத்தின் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இன்றைய தேதியில் பணியில் இருப்பவர் எத்தனை, அவர்களில் அயல்பணியில் வெளியே போயிருப்பவர் எத்தனை என்று மூன்றே வரி. மனு போக வேண்டியது மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு, வெளியே என்றால் எஸ்.பி. அலுவலகத்துக்கு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பருக்குள் அந்தப் பதில் உங்கள் எம்.எல்.ஏ. கையில் இருந்தால், கோப்பு நிதித்துறைக்குக் கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும்.